ஆரம்பாக்கம் தாண்டி

அவள் முகத்தை நான் முதலில் அடித்தது
ஆறுக்கு நாலில்.
பி.டி. மாஸ்டர் சொந்தக் காசு,
அதற்கு அவ்வளவுதான் வரும்.
பதினேழு வயதுக்குட்பட்டோர் மாநில அணி,
கோல்கீப்பர் முனிலட்சுமி, ஆரம்பாக்கம்.

ஆட்டத்தில் எடுத்த படமெல்லாம் ஹெல்மெட்.
கம்பிக்குப் பின்னால் யாரோ ஒருத்தி.
"மூஞ்சி தெரியலன்னா யாருக்குய்யா வாழ்த்து?"
பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் போட்டோவை வெட்டி
ஹெல்மெட் இருந்த இடத்தில் ஒட்டினேன்.
கழுத்து சேரவில்லை, மாலை போட்டு மறைத்தேன்.
மோவாயில் ஒரு தழும்பு, நெல்மணி நீளம்,
பந்து எழும்பிக் கிழித்ததாம்.
அதையும் மவுஸால் தேய்த்தேன்.
ஒவ்வொரு முறையும் தேய்த்தேன்.

இந்திய கேம்ப்புக்குப் போனபோது பத்துக்கு எட்டு.
மலேசியாவில் ஷூட் அவுட்டில்
ஐந்தில் மூன்றைத் தடுத்த வாரம்
கும்மிடிப்பூண்டியில் என் மிஷின் தூங்கவே இல்லை.
ரயில்வே கேட் பக்கம் இருபதுக்குப் பத்து.
ஒன்றியச் செயலாளர் தலை ஆளுயரம்,
அவள் தபால்தலை.

தடாவிலிருந்தும் வந்தார்கள்.
அம்மா ஊர் அந்தப் பக்கமாம், அதனால் அவர்கள் பெண்ணாம்.
"மன அம்மாயி" என்று கொட்டை எழுத்தில் வேண்டுமாம்.
அதே ஃபைல், அதே மாலை,
எழுத்தை மட்டும் உருட்டிக் கொடுத்தேன்.
செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு முனிலட்சுமி,
அந்தப் பக்கம் ஒரு முனிலட்சுமி,
நடுவில் சீல் வைத்த லாரிகள்.

அடுத்த வருஷம் ஒரே ஆட்டத்தில் ஆறு வாங்கினாள்.
ஹாக்கி மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவனெல்லாம்
டீக்கடை வாசலில் காலை நீட்டிக் காட்டினான்,
இப்படி வைத்திருக்க வேண்டுமாம்.
அப்புறம் முழங்கால் ஜவ்வு.
ஆபரேஷனுக்கு யாரும் பேனர் அடிப்பதில்லை.
ஏரிப்பக்கம் ஒருநாள் போனபோது
கருவாட்டுக் குவியல்மேல் கிடந்தாள், என் மாலையோடு.
மழைக்கு நல்ல கெட்டி என்றார்கள்.

போன செவ்வாய், சூலூர்பேட்டை லோக்கல்.
நிச்சயதார்த்த பேனர் பாக்கி வாங்கப் போகிறேன்.
கவுண்டரில் வரிசை, வண்டி வந்துவிட்டது,
ஏறிவிட்டேன்.
எளாவூரில் கறுப்புக் கோட்டு ஒன்று ஏறியது.
கால்களை அகட்டி, கைகள் லேசாக விரிய
கதவோரம் நின்றாள்.
மறுபக்கம் நழுவலாம் என்று நினைத்தேன்.
நினைத்து முடிப்பதற்குள்
அரையடி நகர்ந்திருந்தாள்.

"டிக்கெட்?"
மோவாயைப் பார்த்தேன். நெல்மணி இருந்தது.
பதினோரு வருஷம் நான் அழித்தது,
ஒரு நூல் குறையாமல்.
சொல்லியிருக்கலாம், "உங்களை நான்" என்று.
உங்களை நான் என்ன?
சதுர அடி பன்னிரண்டு ரூபாய்க்கு விற்றேன் என்றா?
பெட்டியில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
செல்போனில் கண்ணை வைத்தபடியே
டிக்கெட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.
பூக்காரம்மா மட்டும் கூடையை நகர்த்தி
அவள் காலுக்கு இடம் விட்டாள்.

"இருநூத்தி அறுபது. பேரு?"
"எத்திராஜ்."
பேனா நின்றது.
வண்டி ஆரம்பாக்கம் விட்டுக் கிளம்பியிருந்தது.
"எத்திராஜா, எத்திராஜுலுவா?"
"இந்த ஸ்டேஷன் வரைக்கும் எத்திராஜ்ங்க.
இனிமே லு."

சிரித்தாள்.
தழும்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.
என்னிடம் இருக்கும் முகத்துக்கு இந்தச் சிரிப்பு இல்லை,
ஹால் டிக்கெட்டில் யார் சிரிக்க விடுகிறார்கள்.

அபராதத்தில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.
லு போட்டு, இனிஷியல் போட்டு, என் பெயரை
அச்சுப்போல எழுதிக் கிழித்துக் கொடுத்தாள்.
தடாவில் இறங்கினாள்,
இடது காலைக் கொஞ்சம் யோசித்து வைத்து.

பாக்கிக்காரன் வீடு பூட்டியிருந்தது.
திரும்பும்போது டிக்கெட் எடுத்தேன்.
யாரும் கேட்கவில்லை.